எழுதியது ரெண்டு ஹாரன், அடித்தது ஒன்று

ஜீப் ஸ்டாண்டு தம்பிமார்களுக்கு,

போன ஆயுத பூசையன்று உங்களில் ஒருவர் என் பழைய நாற்பது பக்க நோட்டைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன். வண்டிக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினீர்கள், சரி. நானோ வண்டி இல்லாத ஆள். கண்ணில் புரை விழுந்து, வண்டியை மருமகனிடம் ஒப்படைத்து மூன்று வருசமாகிறது. பூசையில் வைக்க என்னிடம் இருந்தது அந்த நோட்டுதான். அதற்கும் பொட்டு வைத்து, ஒரு வண்டியின் பானெட் மேல் சார்த்தி வைத்தேன். "பெருசு பரீட்சைக்குப் படிக்குது போல" என்று ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

அன்றைக்கே என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மைக் அன்று என்னை விடச் சத்தமாகக் கத்தியதால் பேச்சு நடக்கவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு எப்படியும் எழுத்துதான் கைவசம்.

இன்னொரு விசயமும் இருக்கிறது. பண்ணைப்புரத்திலிருந்து கம்பம்மெட்டு வரைக்கும் என்னை 'ரெண்டு ஹாரன்' என்றுதான் சொல்வார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. நான் கெத்துக்காக ரெண்டு தடவை ஹாரன் அடிப்பேன், அதனால் வந்த பட்டம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் இத்தனை காலம் அதைத் திருத்தவில்லை. பெருமையான பொய்யை யார்தான் திருத்துவார்கள்? இன்றைக்குத் திருத்திவிடுகிறேன்.

நம் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியக் கருக்கலில் ஊருக்கு ஊர் நின்று பெண்களை ஏற்றி, மலைப்பாதையான மெட்டு ஏறி, கேரளத்து ஏலத் தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் ஹாரன் அடித்துக் கூட்டி, எண்ணி ஏற்றி, பத்திரமாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுவதுதான் கஷ்டம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அது கை பழகினால் வந்துவிடும். பதினாலு பேரும் அவர்கள் சொல்கிற பதினாலு விசயமும்தான் கஷ்டம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்வதை இங்கே நான் எழுதப் போவதில்லை.

ஆரம்பத்தில் எல்லாம் என் தலைக்குள்ளேதான் இருந்தது. தலை கொஞ்ச நாளில் நிரம்பிவிட்டது. அப்புறம் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தேன். யார் வரவில்லை, யார் புதிதாக வருகிறார்கள், எந்த முக்கில் நிற்கிறார்கள் எல்லாம் இடது கையில் பால்பாயின்ட் பேனாவால். ஒருநாள் பண்ணைப்புரம் தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றினேன், கையெல்லாம் கிரீஸ், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவினேன். என் கை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கோம்பை முக்கில் ரெண்டு பேர் புதிதாக நிற்பார்கள் என்ற தகவலும் மண்ணெண்ணெயோடு போய்விட்டது. அவர்கள் கை காட்டக் காட்ட, யாரோ தெரிந்தவர்கள் டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன்! அந்த ரெண்டு பேரும் ஒரு நாள் வேலை போன ஆத்திரத்தில் சாயங்காலம் வரை அதே முக்கில் காத்திருந்து என்னை வைதார்கள். வைது முடித்துவிட்டு அதே வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தார்கள்.

அதற்கப்புறம்தான் நோட்டு. நாற்பது பக்க நோட்டை நடுவில் அறுத்து ரெண்டாக்கி, மேல் மூலையில் ஓட்டை போட்டு டேஷ்போர்டு ஆணியில் மாட்டினேன். சணலில் கட்டிய பென்சில். மழைத்தண்ணி பட்டால் பேனா அழிந்துவிடும், பென்சில் அழியாது.

நோட்டு வந்ததும் என் புத்தி சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருநாள் கம்பத்தில் வண்டியை நிறுத்தி நோட்டைப் பார்க்கிறேன், 'ரெண்டு வாங்கணும்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என்ன ரெண்டு? யாருக்கு ரெண்டு? கடைவீதி நடுவில் நின்று முழிக்கிறேன். எங்கள் வண்டியின் முன் சீட்டு நிரந்தர உறுப்பினர் பேச்சியம்மாள். எனக்கு மதினி முறை. ஐம்பத்தைந்து வயசு, குரலுக்கு மட்டும் இருபது. எட்டிப் பார்த்து, "என்னலே யோசன?" என்றது.

"ரெண்டு வாங்கணும்னு எழுதியிருக்கேன் மதினி. என்னன்னு தெரியல."

"வா இங்கன. செவுட்டுல ரெண்டு வாங்கு, தன்னால தெரியும்."

மதினி தனக்கு வாங்கச் சொன்ன ரெண்டு தேங்காய்தான் அது என்பது வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே வந்தது. அன்றிலிருந்து யாருக்கு, என்ன, எங்கே என்று மூன்றையும் எழுதாமல் பென்சிலைக் கீழே வைப்பதில்லை.

அந்தக் காலத்தில் கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு கண்டக்டர் பழக்கம். என் நோட்டைப் பார்த்து அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதுறது ஞாபகம் வச்சுக்கிறதுக்கு இல்ல. தைரியமா மறக்கிறதுக்கு. தாளுக்குப் போயிருச்சுன்னா தலைக்கு வேலை இல்ல, நீ ரோட்டப் பாரு" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. வளைவில் ஓட்டும்போது மண்டைக்குள் தேங்காயும் ரேஷன் கடையும் ஓடாமல் இருப்பது எத்தனை சுகம்! அந்தப் பேச்சில் பாதிதான் அவர் சொன்னது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. மீதிப் பாதியை நான் எப்படிக் கற்றேன் என்பதற்குத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

நோட்டு பிரபலமாகிவிட்டது. ஏறும்போதே ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒருத்திக்கு கேஸ் சிலிண்டர் பதியணும். ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போகணும், அன்றைக்கு வரமாட்டாள். இன்னொருத்தி தன் மாமியார் பேசியதையெல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னாள், பின்னாடி பஞ்சாயத்துக்கு உதவும் என்று. அதை மட்டும் மறுத்துவிட்டேன், நோட்டு பத்தாது. மற்ற டிரைவர்கள் என்னை 'ரைட்டரய்யா' என்று கேலி செய்தார்கள். "நமக்கு வேண்டியது தலைக்கணக்குதானப்பா, பதினாலு ஏறுச்சா, பதினாலு எறங்குச்சா, முடிஞ்சது சோலி. நீ என்ன சீமந்தத்துக்குச் சாமான் எழுதுற மாதிரி எழுதிக்கிட்டு இருக்க?" என்பார்கள். உள்ளுக்குள் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. நோட்டு சில்லறை விசயத்துக்கு, எண்ணிக்கைதான் அசல் வேலை என்று.

அது காய் எடுப்பு மும்முரமான மாசம். மழையும் விடவில்லை. பண்ணைப்புரத்தில் காலையில் ராசாத்தி ஏறினாள். முப்பத்தைந்து வயசிருக்கும். அதிகம் பேசாத பிள்ளை, சொல்வதைத் தெளிவாகச் சொல்லும். எனக்கு நேர் பின்னால் கம்பியோரம்தான் அவள் இடம். ஏறியதும் மடியிலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, எழுதிக்கங்க. எங்க அத்தைக்குச் சக்கர மாத்திர தீந்துபோச்சு. சாயந்தரம் கம்பத்துல மருந்துக்கடையில நிப்பாட்டணும். கடையத் தாண்டிட்டம்னா காலையில அவுகளுக்கு மாத்திர இல்ல."

எழுதினேன். அட்டையை அந்தப் பக்கத்திலேயே சொருகினேன்.

"இன்னொண்ணுண்ணே. இன்னிக்கு என்னய அடியில ஓடக்காட்டுல விட்டிருக்காக, தேவாரத்துக்காரவுகளோட. நம்மாளுக எல்லாம் மேக்காட்டுல. ஓடத் தண்ணி எரச்சல்ல ஒத்த ஹாரன் சரியாக் கேக்காது. ஆரு வண்டின்னும் தெரியாது. நீங்க ரெண்டு அடிங்க. நான் அத வச்சு வந்துருவேன்."

'ராசாத்தி, ஓடைக்காடு, ஹாரன் ரெண்டு' என்று எழுதினேன். யார், எங்கே, என்ன, மூன்றும் இருக்கிறது. அவள் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டாள். நானும் கண்டக்டர் சொன்னபடி தைரியமாக மறந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கே தோட்டத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. அங்கே உள்ளவர்கள் மஞ்சு என்பார்கள். பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் தெரியவில்லை. தூறல் வேறு. தேவாரத்து வண்டி எனக்கு முன்னால் புறப்பட்டுப் போனது. பின்னால் கூடலூர் வண்டிக்காரன், வழியை விடு வழியை விடு என்று உறுமிக்கொண்டு நின்றான். நான் ஹாரனை அடித்தேன். ஒன்று. நீளமாகத்தான் அடித்தேன், ஆனால் ஒன்று.

பெண்கள் வந்து ஏறினார்கள். மழைக்குப் படுதாவை இறக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே இருட்டு. எல்லோரும் தலையோடு துண்டைச் சுற்றி, முகம் மூடி, ஒடுங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நான் பின்னால் போய்த் தலைகளை எண்ணினேன். பதினாலு. மறுபடி எண்ணினேன். பதினாலு. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது நோட்டை எதற்குப் பார்ப்பது? வண்டியை எடுத்துவிட்டேன்.

மெட்டு இறங்கி, கம்பத்துக்குள் வரும்போது மணி ஐந்தே கால். அங்கேதான் வழக்கமாக நோட்டைத் திறப்பேன், சாமான் வாங்குகிறவர்கள் இறங்குவார்கள். அன்று நோட்டைத் திறந்ததும் மாத்திரை அட்டை மடியில் விழுந்தது. மருந்துக்கடை முன்னால் ஓரங்கட்டினேன்.

"ராசாத்தி, எறங்கு ஆத்தா. மருந்துக்கடை வந்துருச்சு."

பின்னால் திரும்பி மறுபடி கூப்பிட்டேன்.

"ஏத்தா ராசாத்தி!"

"ஒறங்குறா போல. தட்டி எழுப்புங்கடி" என்றது பேச்சியம்மாள். பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள். கம்பியோரத்தில் இருந்த உருவம் அசைந்து, துண்டை விலக்கி, கண்ணைக் கசக்கியது. நான் அந்த முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"நீ ஆருத்தா?"

"செல்விங்க. தேவாரம். பண்ணைப்புரத்துல எங்க அக்கா வீட்டுல நாளைக்கு விசேசம். இப்பவே போயிரலாம்னு இந்த வண்டியில ஏறிட்டேன். எங்க டிரைவருகிட்டச் சொல்லிட்டேன். இந்த எடம் சும்மா கெடந்துச்சு."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துப் பெண்கள் இப்படி வண்டி மாறி ஏறுவது புதிதல்ல. பேச்சுத் துணைக்கு மாறுவார்கள், சண்டை போட்டுக்கொண்டு மாறுவார்கள். தன் டிரைவரிடம் அவள் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பதினாலில் ஒன்று போய், ஒன்று வந்து, எனக்குக் கணக்கு ஒத்துப் போயிருக்கிறது!

வண்டிக்குள் ஒரே கூச்சல். "அவ தேவாரத்து வண்டியில ஏறியிருப்பா. அவுகளோடதான வேல பாத்தா?" என்றாள் ஒருத்தி. "ஆமா, இவ இங்கன வந்தா, அவ அங்கன போயிருப்பா" என்றாள் இன்னொருத்தி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நம்பிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! தேவாரத்து டிரைவருக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ராசாத்திக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் ரெண்டு மொழியில் சொன்னது.

நம்பி ஊருக்குப் போய்விடலாம். தேவாரத்துக்காரன் எப்படியும் பண்ணைப்புரம் வழியாகத்தான் போவான். அவள் அந்த வண்டியில் இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பாள், எனக்கும் வெட்டி அலைச்சல் மிச்சம். இல்லாவிட்டால்? அந்தக் குளிரில், மழையில், பனியில், காட்டெருமை தண்ணி குடிக்க வருகிற ஓடைக்கரையில் அந்தப் பிள்ளை ஒத்தையில் இருக்கும். போய்ச் சேர்ந்து தெரிந்துகொள்வதற்குள் நன்றாக இருட்டிவிடும்.

என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டைப் பார்த்தேன். மாத்திரைக்கு மேல் வரியில் இருந்தது. 'ராசாத்தி, ஓடைக்காடு, ஹாரன் ரெண்டு.' என் கையெழுத்து, முத்து முத்தாக.

தம்பிகளா, அந்த நிமிசம் ஒரு சின்ன வேலை செய்திருக்கலாம். நோட்டை மூடிவிட்டு, "அவதான் நேரத்துக்கு வரல" என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த எண்ணம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம் திரும்பி உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"அந்தப் பிள்ள ரெண்டு ஹாரன் அடிக்கச் சொல்லுச்சு. எழுதியும் வச்சேன். நான் ஒண்ணுதான் அடிச்சேன்."

பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அட கூறுகெட்ட மனுசா! எழுதி வச்சு என்னத்த, நாக்கு வழிக்கவா?"

"வைங்க மதினி. அப்பறமா எம்புட்டு வேணும்னாலும் வைங்க. நான் மேல போறேன். எறங்குறவுக எறங்கி பஸ்ஸப் புடிச்சுக்கங்க. பிள்ளைக தேடும்."

எல்லோருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும், பிள்ளைகள் பசியோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். முணுமுணுப்புக் கேட்டது. ஒருத்தி கூடையைத் தூக்கினாள். பேச்சியம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"எறங்குறியா? எறங்கு. நாளைக்கு நீ அங்கன கெடந்தா நானும் எறங்கிக்கிறேன்."

கூடை பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"பெறகென்ன பாத்துக்கிட்டு இருக்க? வண்டியத் திருப்பு, ஒத்த ஹாரனு!"

பட்டம் அங்கேதான் பிறந்தது. முதலில் அது 'ஒத்த ஹாரன்'தான்.

செல்வி மட்டும் இறங்கினாள். முகம் செத்துப் போயிருந்தது. "அந்த அட்டையக் குடுங்கண்ணே. மாத்திரய நான் வாங்கி வச்சுக்கிட்டு இங்கனயே நிக்கிறேன். கட அடச்சுருவாக" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

மேலே ஏறும்போது பறந்துவிட வேண்டும் போல இருந்தது. மூன்றாவது வளைவில் கொஞ்சம் அழுத்திவிட்டேன். "பைய போ. ஒருத்தியத் தேடப் போயி பதிமூணு பேரத் தேட வச்சுராத" என்று பேச்சியம்மாள் சொன்னது. அப்புறம் நிதானமாகத்தான் ஓட்டினேன். அந்தப் பாதை அத்தனை நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பாதி வழியில் தேவாரத்து டிரைவர் கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டேன், ராசாத்தி இல்லை என்றார்.

தோட்டத்துக் கேட்டில் காவல்காரர், மலையாளத்துக்காரர், பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எந்தா அண்ணா, வீண்டும் வந்தோ?" என்றார். விசயத்தைச் சொன்னதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரும் ஏறிவிட்டார். உள்ளே இறங்கியதும் பெண்கள் ஆளுக்கொரு திசையில் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடப் பார்த்தார்கள். ஏலச் செடி ஆள் உயரம், அடியில் குனிந்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. பனியில் சிதறினால் ஒருத்தியைத் தேடி நாலு பேரைத் தொலைக்க வேண்டியதுதான். "ஒருத்தரும் நகரக் கூடாது" என்று நான் போட்ட சத்தத்தில் பேச்சியம்மாளே நின்றுவிட்டது. எங்கே தேட வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. ஓடைக்காட்டுக்கு மேலே உள்ள மேட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எஞ்சினை அணைத்தேன்.

ஹாரன் அடித்தேன். ஒன்று. ரெண்டு.

தண்ணீர் இரைச்சல்தான் கேட்டது. மறுபடியும் அடித்தேன். ஒன்று, ரெண்டு.

கீழேயிருந்து சத்தம் வந்தது. டண், டண். தூக்குவாளியை மூடியால் தட்டுகிற சத்தம். ரெண்டு தடவை.

"ஏ ஆத்தா! இருக்காடி!" என்று பேச்சியம்மாள் போட்ட சத்தத்துக்கு ஹாரனே தோற்றுப் போகும்.

காவல்காரர் டார்ச் அடிக்க, சத்தத்தை வைத்துக்கொண்டு இறங்கினோம். ஓடைக்குக் கொஞ்சம் மேலே, வழுக்கல் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. முழுக்க நனைந்து, பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். காலெல்லாம் அட்டைப் பூச்சி கடித்து ரத்தம். பேச்சியம்மாள் அதன் பாட்டுக்கு வைதுகொண்டே தன் துண்டால் அவள் தலையைத் துவட்டியது. நான் டார்ச் வெளிச்சத்துக்கு வெளியே நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

அவளாகவே என்னைத் தேடிப் பார்த்தாள்.

"அண்ணே, எழுதுனீகள்ல?"

"எழுதுனேன்த்தா."

"நானும் எட்டிப் பாத்தேனே. ரெண்டுன்னுதான எழுதியிருந்துச்சு?"

"ரெண்டுன்னுதான் எழுதியிருந்துச்சு."

"எனக்கு ஒரு ஹாரன் லேசாக் கேட்டுச்சுண்ணே. அது வேற வண்டின்னு நெனச்சேன். நம்ம வண்டி ரெண்டுல்ல அடிக்கும்? ரெண்டாவதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் வரல. பெறகு பயந்து ஓடியாரயில வழுக்கிட்டேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அவள் என்னிடம் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால், நான் ஒன்றுமே எழுதாமல் இருந்திருந்தால், அந்த ஒத்த ஹாரனுக்கே எழுந்து வந்திருப்பாள். என் நோட்டை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போது அவள் கேட்டாள், "மாத்திர வாங்கீட்டீகளா?"

பேச்சியம்மாள் சிரித்துவிட்டது. "பாருடி, காலு ஒடிஞ்சு கெடக்கா, மாமியாளுக்கு மாத்திர கேக்குறா. இவளுக்குத்தான்டி மொதல்ல வைத்தியம் பாக்கணும்." அதற்கப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தவர்களும் உண்டு.

ஆளுக்கொரு பக்கம் தாங்கி மேலே கொண்டுவந்தோம். கேட்டில் காவல்காரர் கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவை அவள் ரெண்டு டம்ளர் குடித்தாள். கம்பம் வந்து சேர்ந்தபோது மருந்துக்கடையில் ஒரு கதவைச் சார்த்திவிட்டார்கள். மறு கதவோரத்தில் செல்வி மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். கம்பியோரத்து இடத்தில் ராசாத்தியை உட்காரவைத்து, செல்வி அவள் வீங்கின காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தாள். கால் ஒடியவில்லை, சுளுக்குத்தான். பத்து நாளில் ராசாத்தி வேலைக்கு வந்துவிட்டாள்.

வந்த முதல் நாள் சாயங்காலம், நான் தோட்டத்தில் ஹாரனில் கை வைக்கப் போகும்போது முன்னாலேயே வந்து நின்றாள். "அண்ணே, வாசிச்சீகளா?" என்றாள். நோட்டைத் திறந்து, அன்றைய பக்கத்தை அவளிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்புறம்தான் ரெண்டு ஹாரன் அடித்தேன். ஏறிய பிறகு தலையை எண்ணவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொருத்தியும் துண்டை விலக்கி முகத்தைக் காட்டி "இருக்கேன்" என்று சொன்னால்தான் வண்டி நகரும். "பள்ளிக்கூடமாய்யா இது?" என்று பேச்சியம்மாள் அலுத்துக்கொண்டது. ஆனால் எல்லோருக்கும் முதலில் அதுதான் "இருக்கேன்" என்று கத்தும். எத்தனையோ மாசம் கழித்துத்தான் என் பட்டம் 'ஒத்த'யிலிருந்து 'ரெண்டு'க்கு உயர்ந்தது. எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

நீங்கள் இப்போது எல்லாவற்றையும் போனில் போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் குரூப் வைத்திருக்கிறீர்கள், 'ஓகே அக்கா' என்று கட்டைவிரலை அனுப்புகிறீர்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. தாளில் எழுதுங்கள், போனில் எழுதுங்கள், வண்டிக் கண்ணாடியில் வேண்டுமானாலும் எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டாள் என்றால் அது உங்கள் ஞாபகத்துக்கான குறிப்பு மட்டும் இல்லை. அவள் அதை நம்பி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். தைரியமாக மறக்கலாம் என்று கண்டக்டர் சொன்னது சரிதான். மறந்தவன் நேரத்துக்குத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அவர் சொல்லாமலே விட்டதற்குக் காரணம், அது யாருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரியவில்லையே!

ராசாத்தி இப்போதும் வேலைக்குப் போகிறாள். உங்களில் ஒருவருடைய வண்டியில்தான். போன வாரம் அந்தத் தம்பி என்னிடம் வந்து புலம்பினான். "அந்த அக்கா தெனமும் வண்டி எடுக்கயில 'வாசிச்சியா, வாசிச்சியா'ன்னு கேக்குது. எரிச்சலா வருது" என்று.

அந்த உரிமையை அவளுக்குக் கொடுத்தவன் நான்தான், தம்பி. எரிச்சல் வந்தால் என்னைத் திட்டிக்கொள். அவளிடம் மட்டும் நோட்டைத் திறந்து சத்தமாக வாசித்துக் காட்டு. அப்புறம் ஹாரன் அடி.

ரெண்டு.